பாராட்டா, கேலியா? செயற்கை நுண்ணறிவு தடுமாறும் இடம்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பீகாரைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்து ஸலாம் சொல்லி, கையிலிருந்த போனை நீட்டினார். திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் பேட்லாக் டைலராக இருப்பவர். மதரஸாவில் படித்த உருது எனக்குக் கொஞ்சம் கைவசம் இருப்பதால், வடமாநிலச் சகோதரர்கள் ஆதார் கடிதம், வாடகை ஒப்பந்தம் என்று எதையாவது காட்டி விளக்கம் கேட்பது வழக்கம். இந்தமுறை அவர் காட்டியது வாட்ஸ்அப் செய்தி.

செவ்வாய் இரவு சூப்பர்வைசர் அனுப்பியது. ஒரு டி-சர்ட்டின் போட்டோ. அதன் கீழே: "சூப்பர் தம்பி! உங்க மடிப்பப் பாத்து பையரே மயங்கிட்டாரு. மிச்ச பீஸையும் இப்படியே அடிச்சுக் குடுங்க."

தமிழ் பேசத் தெரியாத அந்தத் தம்பி இதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டிருக்கிறார். இந்தியில் வந்த விடையில் எல்லாமே பாராட்டு. 'மயங்கிட்டாரு' என்பது 'மனம் லயித்துப்போனார்' என்று ஆகியிருந்தது. மகிழ்ச்சியோடு மறுநாள் காலை உட்கார்ந்து மிச்சப் பீஸ் முழுவதையும் அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டார். போட்டோவில் இருந்த அடிமடிப்பு அலை அலையாக நெளிந்திருந்ததை நான் பார்த்தேன். அத்தனையும் டேமேஜ். இரண்டு நாள் கூலி பிடித்தம். அவர் என்னிடம் கேட்டது கூலியைப் பற்றி அல்ல. "ஹஜ்ரத், அவர் என்னைத் திட்டினாரா, பாராட்டினாரா?"

அன்று மாலை அதே வரியை, போட்டோ இல்லாமல், என் போனில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்து இதன் தொனி என்ன என்று கேட்டேன். உற்சாகமூட்டும் பாராட்டு என்றது. பிறகு, மடிப்பு நெளிந்திருக்கிறது, அனுப்பியவர் தையலில் பழம் தின்று கொட்டை போட்டவர், மணி இரவு பத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு, இது கடுமையான கேலி என்று விளக்கமே எழுதித் தந்தது. எந்திரத்துக்குக் கேலி தெரியாமல் இல்லை. அந்த வரியில் கேலி இல்லை. கேலி இருந்தது போட்டோவில், நேரத்தில், அந்த இருவருக்கும் நடுவில்.

மதரஸாவில் 'முக்தஸருல் மஆனி' ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அரபி பலாகாவில் ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளிலிருந்து விலக்கிப் படிப்பதற்கு 'கரீனா' வேண்டும் என்பார்கள். கரீனா என்றால் துப்பு, அடையாளம். அது இரண்டு வகை. ஒன்று, வாக்கியத்துக்குள்ளேயே கிடக்கும் சொல். மற்றொன்று, வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் நிலைமை. குர்ஆனில் வேதனையைக் கொண்டு 'நற்செய்தி' சொல்லும்படி வரும் இடங்கள் உண்டு (3:21). வேதனை என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால், நற்செய்தி என்பது இங்கே எள்ளல் என்று யாருக்கும் விளங்கும். இதற்கு 'இஸ்திஆரா தஹக்குமிய்யா' என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துவோம். ஆனால் மத்யன் நகரத்தார் ஷுஐப் (அலை) அவர்களைச் சகிப்புத்தன்மை மிக்கவர், நேர்வழியாளர் என்று சொல்லும் இடத்தை (11:87) தனியாக எடுத்துப் படியுங்கள். புகழ்ச்சியாகவே தெரியும். அவர்கள் அவரை ஏற்காதவர்கள், அவருடைய தொழுகையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் என்பது தெரிந்தவருக்குத்தான் அது குத்தல்.

நம் தமிழிலும் இதே கதைதான். கல்லூரியில் புறநானூற்றின் 95ஆம் பாடலை நடத்திய பேராசிரியர் முதலில் பொருளை மட்டும் சொல்லிவிட்டு, "ஔவையார் யாரைப் புகழ்கிறார்?" என்று எங்களைக் கேட்டார். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூடி, காவல் மிக்க மனையில் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. வகுப்பில் பாதிப் பேர் தொண்டைமானை என்றோம். போருக்குப் போகாத ஆயுதம்தான் பளபளக்கும் என்ற ஒரு விஷயத்தை அவர் சேர்த்ததும் பாட்டு தலைகீழாகப் புரண்டது. தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு காரணங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. அத்தனை பழைய விஷயத்தில்தான் இத்தனை புதிய எந்திரம் தடுக்கி விழுகிறது.

எந்திரம் எப்படிப் படிக்கிறது?

பழைய முறை எளிது. 'நல்ல', 'அருமை', 'சூப்பர்' என்பவற்றுக்கு ஏறு மதிப்பெண். 'மோசம்', 'கெட்ட' என்பவற்றுக்கு இறங்கு மதிப்பெண். கூட்டிக் கழித்துப் பார்த்து வாக்கியம் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும். இந்த முறையில் நம் டைலர் தம்பிக்கு வந்த செய்தி நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும்.

2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி போன்றவை வேறு வகை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை. ஒரு சொல்லை அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பவை. "மூணு மணி நேரமா கரண்ட் இல்ல. அருமையான சேவை" என்றால் கேலி என்று கண்டுபிடித்துவிடும், கரண்ட் இல்லாததும் அருமையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கரீனா வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அது வெளியே நிற்கும்போதுதான் சிக்கல். காலை பதினொரு மணிக்குக் கம்பெனிக்குள் நுழைபவரைப் பார்த்து, "ஏனுங் மாப்ளே, இப்பத்தான் விடிஞ்சுதுங்களா?" என்று கேட்டால், இங்கே கரீனா சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம். எந்திரத்தின் கண்ணில் சுவரும் இல்லை, கடிகாரமும் இல்லை. போதாக்குறைக்குக் கொங்குத் தமிழின் 'ங்க' வேறு. மரியாதைக்கும் அதே 'ங்க', மானத்தை வாங்குவதற்கும் அதே 'ங்க'.

ஆங்கிலத்தில் நிலைமை சற்று மேல். ரெடிட் என்ற தளத்தில் எழுதுபவர்கள் கேலியாகச் சொன்னதன் முடிவில் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் போட்டு, 'இது கேலி' என்று தாங்களே குறித்துவிடும் பழக்கம் உண்டு. அப்படிக் குறிக்கப்பட்ட 13 லட்சம் வரிகளை 2017இல் ஆய்வாளர்கள் திரட்டி எந்திரத்துக்குப் பாடமாக வைத்தார்கள். தமிழன் கேலி செய்துவிட்டு, 'நான் செய்தது கேலி' என்று எழுதி வைப்பானா?

தமிழுக்கு உழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பாரதிராஜா சக்கரவர்த்தியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2020இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் மூன்று பேராவது படித்து, ஆதரவா எதிர்ப்பா இரண்டும் கலந்ததா என்று குறித்து வெளியிட்டார்கள். 2023இல் 'ஃபயர்' ஆய்வு மாநாட்டில் தமிழ், மலையாளக் கலப்பு எழுத்தில் கேலியைக் கண்டுபிடிக்கும் போட்டியே வைக்கப்பட்டது. நல்ல முயற்சிகள். ஆனால் அந்த 15,744 கருத்துகளும் சினிமா டிரெய்லர்களின் கீழே ரசிகர்கள் எழுதியவை. ஒரு நடிகரின் ரசிகர் இன்னொரு நடிகரின் படத்தைப் பார்த்து "கண்டிப்பா ஓடும்" என்றால் எங்கே ஓடும் என்று எந்திரம் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காவின் கேலியும், கட்டிங் மாஸ்டரின் கேலியும், நம் வீட்டு மாமியின் கேலியும் அந்தப் பாடத்தில் இல்லை.

நம் வீட்டுக் கேலிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. "மாஷா அல்லாஹ், இப்பவாவது போன் பண்ணணும்னு தோணிச்சே!" என்று உம்மா சொன்னால் அது வியப்பா? "இன்ஷா அல்லாஹ் பாக்கலாம்" என்று ஒருவர் கடனைப் பற்றிச் சொன்னால் அது வாக்குறுதியா? (அல்லாஹ்வின் பெயரைச் சாக்காக வைப்பது தவறு என்று மிம்பரில் பலமுறை சொல்லியாயிற்று. அது தனி விஷயம்.) அகராதியை வைத்துப் படிக்கும் எந்திரம் இரண்டையுமே பக்தி மிக்க பேச்சு என்று எடுத்துக்கொள்ளும்.

கேலியைப் பாராட்டாகப் படித்தால் இரண்டு நாள் கூலியோடு போகும். மறுபக்கத் தவறு இன்னும் விலை கூடியது. கெடுதல் இல்லாத சொல்லை மிரட்டலாகப் படிப்பது.

2017 அக்டோபரில் மேற்குக்கரையில் ஒரு ஃபலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி, தான் வேலை செய்யும் இடத்தில் புல்டோசர் மீது சாய்ந்து நின்று படம் எடுத்து, அரபியில் 'காலை வணக்கம்' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை எழுதி ஃபேஸ்புக்கில் போட்டார். ஸுப்ஹுத் தொழுகை என்கிறோமே, அதே வேரிலிருந்து வரும் சொல். ஃபேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் 'அவர்களைத் தாக்கு' என்று ஆக்கியது. பக்கத்தில் புல்டோசர் வேறு. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்து சில மணி நேரம் விசாரித்து விடுவித்தது. கைதுக்கு முன் அரபி தெரிந்த ஒரு போலீஸ்காரர்கூட அந்தச் சொல்லைப் படித்துப் பார்க்கவில்லை. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

2023 அக்டோபரில் இன்ஸ்டாகிராம். தன் அறிமுக வரியில் ஃபலஸ்தீனர் என்ற சொல்லும், கொடியும், அரபியில் 'அல்ஹம்துலில்லாஹ்'வும் வைத்திருந்தவர்களின் மொழிபெயர்ப்பில், யாரும் எழுதாத 'பயங்கரவாதிகள்' என்ற சொல் தானாக முளைத்தது. மெட்டா நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. 'ஷஹீத்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் மூழ்கி இறந்தவருக்கும், பிரசவத்தில் இறந்த தாய்க்கும் ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸில் படிக்கிறோம். மெட்டாவின் தளங்களில் வேறு எந்தத் தனிச்சொல்லையும் விட அதிகப் பதிவுகளை நீக்கவைத்த சொல் இதுதான் என்று அந்நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவே 2024 மார்ச்சில் சொல்லி, சொல்லை மட்டும் பார்த்து நீக்கும் வழக்கத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'இரண்டு பேர் ஒரு கடைக்குள் நுழைந்தார்கள்' என்கிற மாதிரித் தொடங்கினாலே அடுத்து ஜோக் வரப்போகிறது என்று பொருள். 2021இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஜிபிடி-3 என்ற எந்திரத்திடம், அந்தத் தொடக்கத்தில் 'இரண்டு முஸ்லிம்கள்' என்று போட்டு முடிக்கச் சொன்னார்கள். நூறு முறையில் 66 முறை அது வன்முறையில் முடித்தது. 'கிறிஸ்தவர்கள்' என்று மாற்றியபோது அது வெகுவாகக் குறைந்தது. ஜோக்கின் தொனி எந்திரத்துக்குத் தெரியும். நம் பெயர் வந்ததும் தொனி மாறிவிட்டது. எந்திரத்துக்கு நம் மீது பகை ஒன்றும் இல்லை. இணையத்தில் நம்மைப் பற்றி எழுதிக் குவிக்கப்பட்டதைத்தான் அது படித்திருக்கிறது. அந்த எந்திரம் இப்போது பழையது; பின்னால் வந்தவற்றில் திருத்தங்கள் நடந்திருக்கின்றன. ஆனாலும் நம் பிள்ளைகள் ஏதோ விளையாட்டாக எழுதும்போது, அதைப் படிக்கப்போவது மனிதர் மட்டுமல்ல, இப்படிப் பாடம் படித்த ஒரு வடிகட்டியும்தான் என்பதை அவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் சிலாபம் தமிழ் பேசும் முஸ்லிம்களும் வாழும் ஊர். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு மூன்று வாரம் கழித்து, மே 12 அன்று, அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஃபேஸ்புக் வாக்குவாதம் ஒன்றில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். நம் வீட்டுக் கிழவிகள் துள்ளும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் வசனம். தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் தட்டி, சிங்களத்தில் நடந்த பேச்சுக்கு விடையாகப் போட்டது. குண்டுகளின் புகை அடங்காத நேரத்தில் படித்தவர்கள் அதை அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் கல் விழுந்தது. ஊரடங்கு போடப்பட்டது. எழுதியவர் கைதானார். மறுநாள் கலவரம் வடமேல் மாகாணத்தின் மற்ற ஊர்களுக்குப் பரவி, கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது.

அங்கே தவறாகப் படித்தது எந்திரம் அல்ல, மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் எந்திரம் படிப்பதைப் போலத்தான் படித்தார்கள். முகத்தைப் பார்க்காமல், குரலைக் கேட்காமல், அந்த வரி எந்தப் பேச்சுக்கு விடை என்று தெரியாமல், ஸ்கிரீன்ஷாட்டாகத் துண்டித்து எடுத்த ஒரே ஒரு வரியை. நம் திருப்பூரும் இதைக் கொஞ்சம் ருசித்த ஊர்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள் என்பது இங்குள்ள கம்பெனிக்காரர்களுக்கு மறக்காது.

வீட்டுக்குள்ளும் இது நுழைந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு கணவன்–மனைவிப் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. மாமி மருமகளுக்கு அனுப்பியிருந்தது இவ்வளவுதான்: "நீ நல்லா ரெஸ்ட் எடும்மா. நாங்க பாத்துக்கறோம்." மருமகள் இதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, "என் மாமியார் என்னைக் குத்திக் காட்டுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம், மறைமுகமான கண்டனம் இருக்கக்கூடும் என்று அது நான்கு பத்தி எழுதித் தந்திருக்கிறது. கணவர் தன் போனில் அதே வரியைப் போட்டு, "அம்மா அக்கறையோடு எழுதியிருக்கிறார்தானே?" என்று கேட்டார். ஆமாம், தாயின் பரிவு தெரிகிறது என்றது. இரண்டு போன்களையும் என் முன் வைத்து, எது சரி ஹஜ்ரத் என்றார்கள்.

இரண்டுமே விடை அல்ல. கேட்பவர் சாய்கிற பக்கம் தானும் சாய்வது இந்த எந்திரங்களிடம் நன்கு அறியப்பட்ட பலவீனம். கேள்வியிலேயே சந்தேகத்தை வைத்துக் கேட்டால், சந்தேகத்துக்குத் தாம்பாளத்தில் வைத்து ஆதாரம் தரும். அதிகமான சந்தேகங்களை விட்டு விலகச் சொல்லும் வசனத்தை (49:12) நாம் அடுத்த வீட்டுக்காரருக்கு ஓதிக் காட்டுகிறோம். போனுக்குள் சந்தேகத்தை வளர்த்துக்கொள்கிறோம். நான் மாமிக்கே போன் போட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மருமகள் அழுதார். என்ன சொன்னார் என்பது அந்தக் குடும்பத்தின் அமானிதம். இங்கே எழுத மாட்டேன்.

இதற்காகச் செயலிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கடிதம் எழுத, கணக்குப் புரிந்துகொள்ள, பிள்ளைக்குப் பாடம் விளக்க நானே பயன்படுத்துகிறேன். ஒருவர் அனுப்பியதன் தொனியைக் கேட்டே ஆக வேண்டும் என்றால், துண்டு வரியை மட்டும் கொடுக்காதீர்கள். அதற்கு முன் நடந்த பேச்சு, யார் யாருக்கு எழுதியது, எந்தச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கேலியா என்று கேட்காமல், இதை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று கேளுங்கள். அது தரும் விடையை வைத்து எழுதியவரின் நிய்யத்தை முடிவு செய்யாதீர்கள். எழுதியவர் உயிரோடு இருக்கிறார், அவரிடம் போன் இருக்கிறது.

எழுதும் பக்கத்திலும் வேலை இருக்கிறது. நபித்தோழர்கள் 'ராஇனா' என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவந்த சொல்லைச் சிலர் நாக்கை வளைத்து இழிவான பொருளில் சொன்னபோது, அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'உன்ளுர்னா' என்று சொல்லும்படி கட்டளை வந்தது (2:104). நல்லெண்ணத்தோடு சொன்னவர்களுக்கே சொல்லை மாற்றச் சொன்னதைக் கவனியுங்கள். மொழி தெரியாதவருக்கு எழுதும்போது கேலி வேண்டாம். அவர் நம்மைப் படிக்கவில்லை, ஒரு செயலியைப் படிக்கிறார்.

அடுத்த வாரம் அந்த யூனிட்டுக்குப் போய்ச் சூப்பர்வைசரைச் சந்தித்தேன். கெட்ட மனிதர் அல்ல. நம்ம ஊர்ப் பையன்களிடம் இருபது வருடமாக இப்படித்தான் பேசுகிறாராம். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லையாம். இந்தியில் வந்த மொழிபெயர்ப்பை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிடித்த கூலியில் ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்க காண்ட்ராக்டரிடம் தானே பேசினார். மற்றொரு நாள் போனது போனதுதான். இப்போது அவர் தப்பான பீஸில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் படம் எடுக்கிறார். பக்கத்தில் சரியான பீஸையும் வைத்து இன்னொரு படம். கீழே, "இது தப்பு. இது சரி. தப்பானதைப் பிரித்து மறுபடி அடிக்கவும்." செயலி அதைப் பிழையில்லாமல் இந்தியாக்கித் தருகிறது. நான் சோதித்துப் பார்த்தேன்.